உவேகி ஹிதோஷியை நடிகர் என்பதா, பாட்டுக்காரர் என்பதா? (விவாத இழை)

திண்ணைவாசி எழுதியது:

ஜப்பானிய நகைச்சுவை நடிகர்களைப் பற்றி நமது களத்தில் எப்போது பேச்செழுந்தாலும் அது கித்தானோ தகேஷியில் தொடங்கி அவரிலேயே முடிந்துவிடுகிறது. அவருக்கு ஒரு தலைமுறை முன்னதாக, தொலைக்காட்சி அந்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்தில், நாட்டையே சிரிக்க வைத்த உவேகி ஹிதோஷிக்கு இங்கே ஓர் இழைகூட இல்லை என்பதால் நானே தொடங்குகிறேன். (உவேகி என்பது குடும்பப் பெயர், ஜப்பானிய வழக்கப்படி அதை முதலில் எழுதியிருக்கிறேன்.)

அவர் 1926 டிசம்பர் 25 அன்று பிறந்தார். ஆனால் பதிவேட்டில் 1927 பிப்ரவரி 25 என்றே இருக்கிறது. வளர்ந்தது மியே மாகாணத்தில்; தந்தை பௌத்த மதகுரு. தோயோ பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, கிதார் வாசித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் இசைக்குழுக்களில் அலைந்து, 1957-இல் 'ஹானா ஹாஜிமேயும் கிரேசி கேட்ஸும்' என்ற குழுவில் சேர்ந்தார். 1959-இல் தொலைக்காட்சி, 1961-இல் 'சூதாரா புஷி' என்ற பாடல், 1962-இல் தோஹோ நிறுவனத்தின் 'நிப்போன் முசெகினின் ஜிதாய்', அதாவது 'ஜப்பானின் பொறுப்பற்ற காலம்', என்ற படம் என்று நான்கே ஆண்டுகளில் அவர் எங்கேயோ போய்விட்டார்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நடிகர் என்ற அளவில் அவரிடம் ஒரே ஒரு சரக்குதான் இருந்தது: உரக்கச் சிரித்துக்கொண்டு, எந்தக் கவலையும் இல்லாமல், எல்லோரையும் ஏமாற்றி முன்னேறும் அலுவலக ஊழியன். 60-களின் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒரே மனிதரையே திரும்பத் திரும்பப் பார்த்தது போல இருந்தது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இசைத்தட்டுப் பிரியர் எழுதியது:

திண்ணைவாசி ஐயா, அவரைப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அவர் படத்துக்கு வந்து சேர்ந்தவரே தவிர, படத்தில் பிறந்தவர் அல்லர்.

போர் முடிந்தபின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைமுகாம்களில் ஜாஸ் வாசிப்பதுதான் அன்றைய இளம் இசைக்கலைஞர்களுக்கு நல்ல வருமானம் தந்த வேலை. அந்தச் சூழலில் உருவானவர்களில் ஒருவர் டிரம்ஸ் கலைஞர் ஃபிராங்கி சாக்காய். அமெரிக்காவின் ஸ்பைக் ஜோன்ஸ் குழுவின் பாணியில், இசையையே கேலியாக மாற்றி வாசிக்கும் 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' என்ற குழுவை அவர் நடத்தினார். உவேகியும் டிராம்போன் கலைஞர் தானி கெய்யும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். சாக்காய் திரைப்படத்துக்குப் போய்ப் பெரிய நடிகரானார். 1957-இல் வெளிவந்த 'பாக்குமாத்சு தாயோதென்' படத்தில் அவரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மற்ற இருவரும், 1955-இல் 'கியூபன் கேட்ஸ்' என்ற பெயரில் தொடங்கியிருந்த டிரம்ஸ் கலைஞர் ஹானா ஹாஜிமேயின் குழுவில் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்தார்கள். நிகழ்ச்சி நடுவே ஒருவர் தலையில் உலோகப் பேசினால் ஓங்கி அடித்ததைப் பார்த்த அமெரிக்கச் சிப்பாய்கள் "கிரேசி!" என்று கூவியதால்தான் 'கியூபன்' என்பது 'கிரேசி' ஆயிற்று என்று சொல்வார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் இசையைத் தப்பாக வாசித்துச் சிரிப்பு மூட்ட வேண்டுமானால், எந்த இடத்தில் எவ்வளவு தப்ப வேண்டும் என்பது வாசிப்பவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவன் தப்பு செய்தால் அது வெறும் தப்பு. கிரேசி கேட்ஸில் இருந்த எழுவரும் தேர்ந்த வாசிப்பாளர்கள்: ஹானா டிரம்ஸ், தானி டிராம்போன், உவேகி கிதார், இனுசுக்கா ஹிரோஷி பாஸ், யாசுதா ஷின் சாக்சபோன், இஷிபாஷி ஏய்தாரோ பியானோ. இஷிபாஷி நோயுற்றபோது மாற்றாக வந்த சாக்குராய் செந்ரி, இஷிபாஷி குணமாகித் திரும்பிய பின்னும் போகவில்லை. இரண்டு பியானோக்காரர்களையும் வைத்துக்கொண்டு, அதையும் ஒரு வேடிக்கையாக்கினார்கள்.

எனவே உங்கள் தலைப்புக்கு என் பதில்: அவர் பாட்டுக்காரர்தான். நடிப்பு என்பது அந்தப் பாட்டுக்கு நிற்க இடம் கொடுத்த மேடை.

பழைய படச்சுருள் எழுதியது:

இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை. 'பொறுப்பற்ற காலம்' படத்தின் நாயகன் பெயரிலிருந்தே தொடங்குவோம். தைரா ஹிதோஷி என்று வாசிக்கப்படும் அந்தப் பெயரின் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து ஒரே சொல்லாக வாசித்தால் 'சராசரி' என்று பொருள். அடுத்த படமான 'நிப்போன் முசெகினின் யாரோ'வில் அவர் பெயர் மினாமோதோ ஹிதோஷி. தைரா, மினாமோதோ இரண்டும் 12-ஆம் நூற்றாண்டில் நாட்டின் ஆட்சிக்காகத் தமக்குள் மோதிக்கொண்ட போர்க்குடிகளின் பெயர்கள். நாட்டின் வீரவரலாற்றையெல்லாம் ஒரு வெட்டிப் பேச்சு விற்பனையாளன் தலையில் கட்டிவிட்ட அந்தக் குறும்பை முதலில் ரசிக்க வேண்டும்.

இயக்குநர் ஃபுருசாவா கெங்கோவின் வேகமும் முக்கியம். உவேகி அந்தப் படங்களில் நடந்துபோவது அரிது; கைகளை வீசித் துள்ளிக்கொண்டே போவார், அலுவலகக் கதவைத் திறக்கும்போதே பேச்சு பாதி முடிந்திருக்கும். வாய்விட்டுச் சிரிக்கும் அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எதிரே நிற்பவர் யோசிக்கத் தொடங்குவதற்குள் அவரை வாரிச் சுருட்டிக்கொண்டு போகும் ஆயுதம் அது. இதை நடிப்பு என்று சொல்லாமல் வேறு எதை நடிப்பு என்பது? 1967-இல் வந்த 'கிரேசி தங்கத் திட்டம்' படத்துக்காக லாஸ் வேகஸின் பெருந்தெருவிலேயே எழுவரும் ஆடிக்காட்டினார்கள். அந்தத் தெருவின் விளக்குகளுக்கு நடுவிலும் நம் கண் அவரிடம்தான் போகிறது.

கேள்விக்குறி எழுதியது:

புகழ்மாலைக்கு நடுவே ஒரு முள்ளை வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜப்பானியத் தெருக்கள் கொந்தளித்தன. அதே ஆண்டில் பிரதமரான இக்கேதா ஹாயாத்தோ தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்தை அறிவித்தார். அரசியலை மறந்துவிட்டு அலுவலகத்துக்குப் போய் உழையுங்கள் என்பதுதான் அதன் உட்பொருள். இந்த வேளையில் சரியாக வந்து சேர்கிறார் உங்கள் பொறுப்பற்ற நாயகர். உழைக்காமலே, வாய்ச்சாலத்தாலும் முகத்துதியாலும் மேலே போகிறார். படம் முடியும்போது ஒரு நிறுவனத்தின் தலைவராகவே வந்து நிற்கிறார். அவர் எந்த அமைப்பையும் உடைப்பதில்லை. அந்த அமைப்பின் உச்சிக்குக் குறுக்குவழியில் ஏறுகிறார், அவ்வளவுதான். நாளெல்லாம் மேலாளரிடம் தலைகுனிந்துவிட்டு மாலையில் திரையரங்குக்கு வந்த ஊழியருக்கு அது இரண்டு மணி நேர ஆறுதல். மறுநாள் காலை அவர் வழக்கம்போல ரயிலேறிப் போயிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. 'ஜப்பானின் முதல்தர' என்று தொடங்கும் பிற்காலப் படங்களில் நாயகன் சோம்பேறிகூட அல்லன். 1964-இன் 'முதல்தரப் பெருமைபீற்றி'யில் வாய்க்கு வந்ததைச் சூளுரைத்துவிட்டு, இரவு பகலாக உழைத்து அதைச் செய்தும் காட்டுகிறான். இப்படி ஒருவரை ஒரு நிறுவனம் விளம்பரம் கொடுத்தே தேடும்! பொறுப்பற்றவன் என்று பெயர் வைத்துவிட்டு, கடைசியில் நமக்குக் கிடைத்தது முன்மாதிரி ஊழியர்.

நகோயாவிலிருந்து எழுதியது:

கேள்விக்குறி அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைச் சொல்ல அவருடைய தந்தையிடம் போக வேண்டும்.

உவேகி தெத்சுஜோ இளமையில் நகைத் தொழிலாளி. கிறித்தவராக ஞானஸ்நானம் பெற்றவர். பின்னர் ஜோதோ ஷின்ஷூ என்ற பௌத்தப் பிரிவில் மதகுரு ஆனார். தீண்டாமைக்குள்ளான புராக்கு மக்களின் விடுதலை இயக்கத்தோடு தோளோடு தோள் நின்றார். போருக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள் விடைபெற வந்தபோது, போர் என்பது கூட்டாகச் செய்யும் கொலை, நீயும் உயிரோடு திரும்பி வா, எதிரியையும் முடிந்தவரை கொல்லாதே என்று சொல்லி அனுப்பியவர். 1938-இல் அமைதி காப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டார். தந்தை சிறையில் இருந்த நாள்களில் சிறுவன் ஹிதோஷி துறவாடை அணிந்து, தந்தைக்குப் பதிலாக ஊரார் வீடுகளுக்குச் சென்று சூத்திரங்கள் ஓதியிருக்கிறார். பிறகு துறவுப் பயிற்சிக்காக டோக்கியோவிலுள்ள ஒரு கோயிலுக்கு அனுப்பப்பட்டார். மகனுக்கு 'சமம்' என்று பொருள்படும் ஹிதோஷி என்ற பெயரை வைத்ததும் இந்தத் தந்தைதான்.

இப்போது 1961-க்கு வாருங்கள். அவோஷிமா யுகியோ எழுதி, ஹாகிவாரா ஹிரோஆகி இசையமைத்த 'சூதாரா புஷி' கைக்கு வந்தபோது உவேகி உண்மையிலேயே கலங்கிப்போனார். மென்மையான காதல் பாடல்களைக் கனத்த குரலில் பாட வேண்டும் என்பதே அவர் கனவு. கையில் இருந்ததோ, ஒரே ஒரு கோப்பை என்று தொடங்கி ரயில்நிலைய இருக்கையில் உறங்கிப்போகும் குடிகாரனின் பாட்டு. அவரோ மதுவே அருந்தாதவர். இதைப் பாடினால் வாழ்க்கையே தடம் மாறிவிடும் என்று அஞ்சித் தந்தையிடம் போனார். பாட்டைக் கேட்ட தந்தை, 'தெரிந்திருந்தும் விட முடியவில்லை' என்று வரும் இடத்தைப் பிடித்துக்கொண்டார். அதுதான் நம் குருநாதர் ஷின்ரானின் வாழ்க்கை, அதுதான் மனித உண்மை, தயங்காமல் பாடு என்று சொல்லிவிட்டார். ஷின்ரான் 13-ஆம் நூற்றாண்டில், துறவிகளுக்கு விலக்கப்பட்டிருந்த இறைச்சியையும் திருமணத்தையும் விலக்காமல், தன்னை ஆசைகள் நிறைந்த மூடன் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர் என்பதை நினைத்தால், அந்த மதகுரு விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது புரியும்.

எங்கள் அலுவலகத்தில் ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒருவர், தம் பிரிவுபசார விருந்தில் கைகளைத் தண்ணீரில் அளைவதுபோல வீசிக்கொண்டு இந்தப் பாட்டைப் பாடியதை நான் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒருநாள்கூடத் தாமதமாக வராதவர் என்று அதற்குச் சற்று முன்னர்தான் அவரைப் பாராட்டிப் பேசியிருந்தார்கள். அவர் பாடியது ஆறுதலுக்கா, பழிதீர்க்கவா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

மிருதங்க மாணவி எழுதியது:

எல்லோரும் பாட்டையும் படத்தையும் பேசுகிறீர்கள், தொலைக்காட்சியை விட்டுவிட்டீர்கள். அவரை அவராக ஆக்கியது அதுதான்.

1959-இல் ஃபுஜி தொலைக்காட்சி தொடங்கப்பட்டபோதே 'பெரியவர்களின் கேலிச்சித்திரம்' என்ற பொருளுடைய ஒரு நிகழ்ச்சியும் தொடங்கியது. வார நாள்களின் நண்பகலில் பத்தே நிமிடம். அன்றைய செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நேரலையில் கேலி செய்வார்கள். எழுதியவர்களில் அவோஷிமாவும் ஒருவர். நேரலை என்பதால், தவறினால் தவறியதுதான். 1961 ஜூன் முதல் நிப்போன் தொலைக்காட்சியில், ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு 'ஷாபோந்தாமா ஹாலிடே' வந்தது. பெயரின் முற்பாதிக்குச் சோப்புக் குமிழி என்று பொருள். நிகழ்ச்சியை வழங்கியது ஒரு சோப்பு நிறுவனம். இரட்டைச் சகோதரிகளான 'தி பீனட்ஸ்' பாட, கிரேசி கேட்ஸ் குறுநாடகங்கள் நடத்துவார்கள். ஹானா ஹாஜிமே படுக்கையில் இருமிக்கொண்டிருக்கும் ஏழைத் தகப்பன். இரட்டையர் இருவரும் "அப்பா, கஞ்சி ஆயிற்று" என்று கிண்ணத்தோடு வருவார்கள். இந்தக் கஞ்சிக் காட்சி வாராவாரம் வரும், வாராவாரம் வேறு விதமாகக் கவிழும்.

உவேகியின் புகழ்பெற்ற காட்சியை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். மேடையில் ஏதோ ஒரு குறுநாடகம், கண்ணீரும் கம்பலையுமாகவோ வாளும் கையுமாகவோ, உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும். அப்போது சம்பந்தமே இல்லாமல் உவேகி உள்ளே நுழைவார்: வைக்கோல் தொப்பி, துளி மீசை, முழங்கால் மறைக்கும் உள்ளாடை, வயிற்றில் கம்பளிப் பட்டை. வந்த வேகத்தில் நான்கைந்து வரி பேசியும் விடுவார். எல்லோரும் உறைந்துபோய் அவரைப் பார்ப்பார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "என்னை அழைக்கவில்லையோ?" என்பார். ஓர் இடைவெளி. "அழைக்கவில்லை போலிருக்கிறது..." மீண்டும் ஓர் இடைவெளி, முன்னதைவிடச் சற்றுக் குறைவு. "இது பெரிய தப்பாகிவிட்டது, மன்னிக்க வேண்டும்!" என்று முழங்கிவிட்டு அவர் வெளியேற, மேடையில் இருக்கும் அத்தனை பேரும் கால் மடங்கிச் சரிவார்கள், இசை பாய்ந்து வரும்.

சிரிப்பு அந்த வசனத்தில் இல்லை. இரண்டாவது இடைவெளி முதலாவதைவிடக் குறைவாக இருப்பதில்தான் இருக்கிறது. எங்கள் ஆசிரியர் மொழியில் சொன்னால், எடுப்பு (பாட்டு தொடங்க வேண்டிய இடம்) தவறி நுழைந்தவர் போலக் காட்டிவிட்டுச் சரியாகச் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) வந்து விழுகிறார். அவருடைய உதவியாளராக இருந்து பின்னர் தாமும் நகைச்சுவை நடிகரான கொமாத்சு மாசாவோ, தாம் தவறான நேரத்தில் அவரை மேடைக்கு அனுப்பியதில்தான் இது பிறந்தது என்று சொல்லிவந்தார். அது நடந்த கதையோ, பின்னால் மெருகேறிய கதையோ, வாராவாரம் அதே தவறை அதே அளவில் செய்வதற்குத் தாளம் தெரிந்த உடம்பு வேண்டும். ஆகவே நடிகரா பாட்டுக்காரரா என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் நடிப்பது வாசிப்பதுபோலவே நடக்கிறது.

மட்டுறுத்துநர்:

கித்தானோ பற்றிய இரண்டு பின்னூட்டங்களை அவருக்குரிய இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே உவேகியைப் பற்றி மட்டும் தொடருங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

தந்தையின் கதையும், நுழைவுக் காட்சியைப் பற்றிய மாணவியின் விளக்கமும் என் வாதத்தைச் சற்று அசைத்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுவதுமாக அல்ல. பாட்டில் உள்ள மனிதன் தன்னால் விட முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான்; படத்தில் உள்ளவனோ எதையும் ஒப்புக்கொள்வதே இல்லை. முதலாமவன் ஷின்ரானுக்கு நெருக்கமானவன் என்றால் சரி. இரண்டாமவனைத் தந்தையார் எப்படி ஏற்றிருப்பார்?

இன்னொரு கேள்வி: 60-களுக்குப் பிறகு அவர் என்ன ஆனார்? முகமூடி கிழிந்ததும் ஆள் காணாமல் போய்விட்டாரா?

பழைய படச்சுருள் எழுதியது:

காணாமல் போகவில்லை, உருவம் மாறிப்போனார். 1972-இல் 'ஷாபோந்தாமா ஹாலிடே' நின்றது. ஞாயிறு மாலையின் காலம் முடிந்தது. அவர் மேடையிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் வயதுக்கேற்ற வேடங்களில் தொடர்ந்தார். 1984-இல் இஷிய் சோகோவின் 'கியாக்குஃபுன்ஷா கசோக்கு'வில், புறநகரில் புது வீடு வாங்கிய குடும்பத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் தாத்தாவாக வருகிறார். அவருக்கு இடம் தேடப் போய்த்தான் வீட்டுக்காரர் வரவேற்பறையின் தரையைத் தோண்டத் தொடங்குகிறார். 60-களின் நம்பிக்கை நிறைந்த அலுவலக ஊழியன் அடமானக் கடனில் வாங்கிய வீட்டை, அந்த ஊழியனாக நடித்த அதே முகம் உள்ளே புகுந்து இடிக்கிறது. கேள்விக்குறி எதிர்பார்த்த அங்கதம் இருபத்திரண்டு ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு குரோசாவா அகிராவின் 'ரான்'. விரட்டப்பட்ட இளைய மகன் சாபுரோவுக்கு அடைக்கலம் கொடுக்கும் ஃபுஜிமாக்கி பிரபுவாக வருகிறார். வசனம் கொஞ்சம்தான். குதிரைமேல் அசையாமல் அமர்ந்து, முகத்தில் ஒரு மெல்லிய கனிவை மட்டும் வைத்திருக்கிறார். துள்ளித் துள்ளி நாடு முழுவதும் பழகிய அந்த உடம்பு அசையாமல் இருப்பதே பார்ப்பவரை என்னவோ செய்கிறது. 1986-இல் கினோஷிதா கெய்சுக்கே இயக்கிய கலங்கரை விளக்கக் குடும்பத்தின் கதையில் முதிய தந்தையாக நடித்ததற்கு ஜப்பானிய அகாதமியின் சிறந்த துணை நடிகர் விருதும் கிடைத்தது. திண்ணைவாசி ஐயா, ஒரே சரக்கு என்றீர்களே, இந்த மூன்றையும் அடுத்தடுத்த மூன்று மாலைகளில் பாருங்கள்.

இசைத்தட்டுப் பிரியர் எழுதியது:

படச்சுருள் அவர்கள் பாட்டை அங்கேயே விட்டுவிட்டதால் நான் தொடர்கிறேன். 1986-இல் ஓத்தாக்கி ஏயிச்சி இசையமைக்க, அவோஷிமா எழுத, கிரேசி கேட்ஸ் மீண்டும் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். இந்தக் குழுவைக் கேட்டே வளர்ந்த தலைமுறையின் நன்றிக்கடன் அது. 1990-இல் உவேகி தம் பழைய பாடல்களைக் கோத்து 'சூதாரா தென்செத்சு' என்ற தொடர்பாடலாக வெளியிட்டார்; அது மீண்டும் வெற்றி பெற்று, ஆண்டிறுதி இரவின் கோஹாக்கு பாட்டுப் போட்டி மேடை வரை அவரைக் கொண்டுபோனது. அப்போது அவருக்கு வயது 64. பாடியது பழைய பாட்டுதான். ஆனால் குரல் தளரவில்லை, மூச்சு எடுக்கும் இடங்கள்கூட மாறவில்லை.

அவோஷிமாவின் பயணம் இன்னும் விந்தையானது: 1968-இல் மேலவை உறுப்பினர், 1995-இல் டோக்கியோவின் ஆளுநர். அவர் 2006 டிசம்பரில் மறைந்தார். உவேகி மூன்று மாதங்களில், 2007 மார்ச் 27 அன்று, 80-ஆம் வயதில் போய்ச் சேர்ந்தார். எழுவரில் கடைசியாக எஞ்சியிருந்த இனுசுக்காவும் 2023-இல் மறைந்துவிட்டார்.

நகோயாவிலிருந்து எழுதியது:

கேள்விக்குறியின் கேள்விக்கு என்னால் இயன்ற பதில். தந்தை 1978-இல்தான் காலமானார். ஆகவே மகனின் புகழ் முழுவதையும் பார்த்தவர். மகனும் சும்மா இருந்துவிடவில்லை. 1984-இல் தந்தையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தலைப்பின் பொருள் 'கனவைத் தின்றுகொண்டே வாழ்ந்த மனிதன்'. நாடு முழுவதும் பொறுப்பற்றவனாக அறிந்த ஒருவர் உட்கார்ந்து, சிறைக்குப் போன தம் தந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். திரைக்கு வெளியே அவர் அமைதியானவர், ஒழுங்கு தவறாதவர் என்றே அவருடன் பழகியவர்கள் சொல்கிறார்கள்.

திண்ணைவாசி எழுதியது:

மூன்று மாலைகள் வேண்டியிருக்கவில்லை. 'ரான்' மட்டும் நேற்றிரவு மறுபடி பார்த்தேன். முன்பு இரண்டு முறை பார்த்தபோதும் ஃபுஜிமாக்கி பிரபுவாக இருந்தவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. ஒரே சரக்கு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

மாணவி சொன்ன நுழைவுக் காட்சியையும் தேடிப் பார்த்தேன். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்ததில், இரண்டாவது இடைவெளி முதலாவதில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் அவர் வெளியேறும் முன்பே சிரித்துவிட்டார்.